பட்டியலில் இல்லாத வேலை

கடவுள் துணை
மார்ச் 2

வாலின் அப்பாவுக்கு,

இங்கே நானும் மாமாவும் நம் சுட்டி மகள் வாலும் ஆண்டவன் புண்ணியத்தில் நலம். உங்கள் இருமல் நின்றதா? வெந்நீர் குடிக்கிறீர்களா, இல்லை ‘குடிக்கிறேன்’ என்று எழுதுவதோடு சரியா?

மாமாவை டாக்டரிடம் காட்டினேன். குடலிறக்கம்தானாம். “பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா மே கடைசிக்குள்ள ஆபரேஷன் பண்ணிடணும். அதுவரைக்கும் கனமா எதையும் தூக்கக் கூடாது” என்றார். மாமா வாசற்படி தாண்டியதும் ஆரம்பித்துவிட்டார். “என் மகன் வந்து பக்கத்துல நின்னாத்தான் அந்த மேசையில படுப்பேன். அதுவரைக்கும் கத்தி அவங்ககிட்ட இருக்கட்டும், வயிறு என்கிட்ட இருக்கட்டும்.” ஆக, நீங்கள் வந்தால்தான் ஆபரேஷன்.

உங்கள் கட்டடத்தில் பாக்கி இருக்கும் வேலைகளை எழுதி, எப்போது வருவீர்கள் என்று கணக்குப் போட்டு அனுப்பிய அட்டவணையை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். என் நோட்டிலும் ஒரு பிரதி. மார்ச் ஒன்றில் தொடக்கம். மேல்தளம் இறுகக் காத்திருப்பது இருபத்தொரு நாள், உள்பூச்சு இருபது, சோதித்து ஒப்படைப்பது ஒன்பது. ஆக ஐம்பது நாள். ஏப்ரல் இருபது நீங்கள் கிளம்பும் நாள். இது சரி. ஜன்னல் சட்டம் பட்டறையிலிருந்து வர பன்னிரண்டு நாள், உங்கள் இடத்துக்கு வரும் ஆளுக்கு வேலை பழக்கப் பதினைந்து நாள் என்றும் இருக்கிறது. கடைசியில் ஒரு கட்டத்தில் ஜன்னலுக்கு ஒன்பது, ஆள் பழக்குவதற்கு முப்பத்தைந்து, மேல்தளத்துக்குச் சுழி என்று போட்டிருக்கிறீர்கள். அது என்ன கட்டம்? சுழியைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வரும். எட்டாவதோடு பள்ளிக்கூடம் விட்டவளுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

உங்கள் சுகத்தை உடனே எழுதவும்.

*

மார்ச் 6

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நலம். இருமல் போய்விட்டது, வெந்நீரும் உண்மை. அப்பாவிடம் சொல், வாளியைத் தொட்டால் நான் அங்கே வந்து கட்டிப்போடுவேன்.

அந்தக் கட்டத்தை இங்கே ஃப்ளோட் என்பார்கள். நீ மிச்ச நாள் என்று வைத்துக்கொள். வாலைப் பள்ளிக்கு அனுப்பும் காலையை நினைத்துப் பார். வெந்நீர் காய இருபது நிமிடம், குளியல் பத்து, உடுத்திச் சடை பின்ன இன்னொரு பத்து. நாற்பதாவது நிமிடம் பஸ். நடுவில் நீ சீருடையைத் தேய்க்கிறாய், எட்டு நிமிட வேலை. அது முப்பதாவது நிமிடம்தான் தேவை. ஆக அதற்கு மிச்சம் இருபத்திரண்டு. எட்டு இருபதாக இழுத்தாலும் பஸ் தவறாது. மிச்சம்தான் பத்தாகக் குறையும். முப்பதைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நிமிடமும் பஸ்ஸிலிருந்து கழியும். வெந்நீருக்கோ மிச்சமே கிடையாது. அது ஒரு நிமிடம் இழுத்தால் எல்லாமே ஒரு நிமிடம் இழுக்கும்.

ஜன்னல் சட்டம் உள்பூச்சுக்கு முன்னால் வந்தால் போதும். பூச்சு இருபத்தொரு நாள் முடிந்த பிறகுதான் தொடங்கும். பன்னிரண்டு போக ஒன்பது மிச்சம். ஆள் பழக்குவது நான் கிளம்புவதற்குள் முடிந்தால் போதும். ஐம்பதில் பதினைந்து போக முப்பத்தைந்து. மேல்தளம்தான் நம் வெந்நீர். சுழி என்றால் கணக்கு தப்பு என்று அர்த்தமில்லை, கண்ணை எடுக்கக் கூடாத இடம் என்று அர்த்தம்.

வாலுக்கு முத்தம். அடுத்த கடிதத்தில் பரீட்சை வைப்பேன்.

*

கடவுள் துணை
மார்ச் 9

வாலின் அப்பாவுக்கு,

அனைவரும் நலம், மாமாவின் வாயும் சேர்த்து.

நீங்கள் எழுதியதை இன்று காலையில் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. வால்தான், “அம்மா, நீ எனக்குச் சடை பின்றியா, ஓட்டப் பந்தயம் வைக்கிறியா?” என்றாள்.

நேற்று நான் கடைக்குப் போயிருந்தபோது மாமா கட்டிலை இழுத்து ஜன்னலோரம் போட்டிருக்கிறார். கேட்டால், “கட்டில் தானா வந்துச்சு” என்கிறார். இரவெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். மே கடைசி வரை இவரை உட்காரவைக்க என்னால் முடியுமா என்று தெரியவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். அட்டவணையில் நாளைக் குறைத்தால் நீங்கள் சீக்கிரம் வரக்கூடியது சுழி போட்ட வேலைகளில்தான். பூச்சும் ஒப்படைப்பும் ஆள் நின்று செய்கிற வேலை, அதில் கை வைக்க முடியாது. மேல்தளம் வெறுமே காத்திருக்கிற நாள்தானே? யாரும் எதுவும் செய்யாத இருபத்தொரு நாள். அதைப் பதினாலாக்கினால் நீங்கள் ஏப்ரல் பதின்மூன்றே கிளம்பலாம். ஜன்னலுக்கு மிச்சம் ஒன்பதிலிருந்து இரண்டாகிவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பரீட்சையில் தேறிவிட்டேனா?

பதில் வரும்வரை பிரார்த்தனையில் இருப்பேன்.

*

மார்ச் 13

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

நூற்றுக்கு நூறு. ஜன்னலின் மிச்சத்தைக் கூடச் சொல்லிவிட்டாய். இங்கே படித்து வந்தவர்களே அதை மறப்பார்கள்.

பென்சிலை எடுத்து இருபத்தொன்றைப் பதினாலாக்கினேன். வெயில் நன்றாக அடிக்கிறது, தளமும் காய்ந்த மாதிரிதான் தெரிகிறது. பெரிய இன்ஜினியர் தேதியைப் பார்த்து, “பரவாயில்லையே!” என்று கையெழுத்துப் போட்டார். பதினைந்தாம் தேதி காலை தளத்துக்கு அடியில் இருக்கும் முட்டுக் கம்புகளையும் பலகைகளையும் பிரிக்கிறார்கள்.

அப்பாவிடம் சொல், ஏப்ரல் பதினைந்துக்குள் பக்கத்தில் நிற்பேன்.

*

கடவுள் துணை
மார்ச் 29

வாலின் அப்பாவுக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்று தெரியவில்லை.

போன வருடம் முழுக்க உங்கள் கடிதம் ஏழு நாளுக்கு ஒன்று வந்திருக்கிறது. மழையில் பாலம் உடைந்தபோதுகூடப் பத்தாவது நாள் வந்தது. கடைசிக் கடிதம் மார்ச் பதின்மூன்று தேதியிட்டது. இன்றோடு பதினாறு நாள். நோட்டில் அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.

மாமா தினமும் தபால்காரரிடம், “என்னப்பா, எங்க வீட்டுக் கடுதாசியை மட்டும் வழியில படிச்சுக்கிட்டு இருக்கியா?” என்கிறார்.

ஒரு வரி போதும்.

*

ஏப்ரல் 2

அன்புள்ள வாலின் அம்மாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை. பயப்படாதே.

ஜன்னல் சட்டம் தாமதமாகிவிட்டது. பன்னிரண்டு நாளில் வரவேண்டியது இருபது நாளில் வந்தது. அதனால் நான் மே இருபதுதான் கிளம்ப முடியும். டாக்டர் சொன்ன கெடுவுக்குள்தானே? அதுவரை பார்த்துக்கொள்.

வாலை நன்றாகப் படிக்கச் சொல்.

*

கடவுள் துணை
ஏப்ரல் 7

மதிப்பிற்குரியவருக்கு,

நலம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தேன். பதினாலு நாள் என்று குறைத்த பிறகு ஜன்னலுக்கு மிச்சம் இரண்டு. பன்னிரண்டு இருபதானால் எட்டு நாள் கூடுதல். அதில் இரண்டை மிச்சம் விழுங்கும். ஆறு நாள் தள்ளும். ஏப்ரல் பதின்மூன்றோடு ஆறு சேர்த்தால் பத்தொன்பது. நீங்கள் சொல்வது மே இருபது. நடுவில் முப்பத்தொரு நாள் இருக்கிறது. அதில் என்ன வேலை நடக்கிறது? உங்கள் அட்டவணையில் மேலும் கீழுமாகத் தேடிவிட்டேன். இல்லை.

எதிர்வீட்டுத் தையல்காரம்மா கேட்டாள். ஜன்னல் தாமதம் என்று சொன்னேன். ஊசியில் நூல் கோத்தபடியே, “தூரத்துல இருக்கிற ஆம்பளைக்கு ஜன்னல் ஒரு சாக்கா? கதவுன்னு சொல்லியிருந்தாலாவது நம்பியிருக்கலாம்” என்றாள். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குள் வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

இன்னும் சில உண்டு. உறையில் வேறு தபால் நிலைய முத்திரை இருக்கிறது. மூன்று வருடமாக நீங்கள் அனுப்பிய எல்லா உறைகளும் என்னிடம் இருக்கின்றன. எதிலும் இந்த முத்திரை இல்லை. காகிதம் கோடு போடாதது. மாமாவின் வயிறு எப்படி இருக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. என்னைக் கணக்குப்பிள்ளை என்றும் அழைக்கவில்லை. மேல்தளத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கண்ணை எடுக்கக் கூடாத இடம் என்று சொன்னது நீங்கள்தான்.

பிரார்த்தனையில் உட்கார்ந்தால் வாய் நாமத்தைச் சொல்கிறது, மனம் கழித்தல் போடுகிறது. இது பாவம் என்று தெரியும். ஆனாலும் முப்பத்தொன்று முப்பத்தொன்றாகவே நிற்கிறது.

*

ஏப்ரல் 12

அன்புள்ள வாலின் அம்மாவுக்கு,

எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. தையல்காரம்மா துணியைத் தைத்தால் போதும், என் வாழ்க்கையைத் தைக்க வேண்டாம்.

புதிதாக வந்த ஆளுக்கு வேலை பிடிபடவில்லை. பதினைந்து நாள் என்று போட்டது முப்பது நாளாகிவிட்டது. அதுதான் காரணம். முன்பே சொல்லியிருக்கலாம்.

அப்பாவின் வயிறு எப்படி இருக்கிறது?

ஒன்று கேட்க வேண்டும். என் அம்மா கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தபோது முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாயே, அது எப்படி? தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன்.

*

கடவுள் துணை
ஏப்ரல் 17

மதிப்பிற்குரியவருக்கு,

முதலில் உங்கள் கேள்விக்குப் பதில். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் புண்ணுக்கு அது தெரியாது. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முடிந்த அளவு புரட்டுங்கள். புரட்ட முடியாத உடம்பானால் இடுப்பையாவது லேசாகத் தூக்கிக் காற்றுப்படவிடுங்கள். ஈரம் தங்க விடாதீர்கள். சிவந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். குதிகாலை மறந்துவிடாதீர்கள்.

இனி என் கேள்வி. யாருடைய முதுகு?

ஜன்னல் தாமதத்தோடு சேர்த்து உங்கள் கட்டட வேலை நாற்பத்தொன்பது நாள். ஆள் பழக்குவது முப்பது நாளே ஆனாலும் இன்னும் பத்தொன்பது நாள் மிச்சம் கையில் இருக்கிறது. அது ஒருநாளும் உங்களைத் தடுக்காது. இரண்டாவது முறையும் மிச்சம் உள்ள வேலையைச் சாக்காகச் சொல்கிறீர்கள். சாக்குச் சொல்லத் தெரியாதவர் நீங்கள்; அதனால்தான் இவ்வளவு பயமாக இருக்கிறது.

அந்த முத்திரையைத் தபால்காரரிடம் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இது ஆஸ்பத்திரி வளாகத்துல இருக்கிற தபாலாபீஸ்மா” என்றார். அங்கே யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? உங்களுக்கு நோயா? வேறு யாராவதா? ஒரு பெண்ணா? எழுதக் கை கூசுகிறது, எழுதிவிட்டேன்.

முந்தாநாள் மாமாவை மறுபடி டாக்டரிடம் காட்டினேன். வீக்கம் பெரிதாகியிருக்கிறது. “மே கடைசின்னு நான் சொன்னதை மறந்துடுங்க. இன்னும் மூணு வாரம், அதுக்கு மேல போகாது. சிக்கிக்கிட்டா உயிருக்கே ஆபத்து” என்றார். நீங்கள் மே இருபது என்கிறீர்கள். மாமாவிடம் மிச்சம் தீர்ந்துவிட்டது.

அட்டவணையின் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘பெயர் தெரியாத வேலை — முப்பத்தொரு நாள்.’ அதன் பெயரை நீங்கள் எழுதுங்கள்.

*

ஏப்ரல் 23

கணக்குப்பிள்ளைக்கு,

முதுகு ஒரு தச்சருடையது. சென்ட்ரிங், அதாவது தளத்துக்கு அடியில் பலகையும் முட்டும் அடிக்கும் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும்.

மார்ச் பதினைந்து, காலை பத்தரை மணி. தளத்தின் நடுப்பகுதியில் முட்டுகளைப் பிரித்துவிட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கம் நாலடி நீட்டிக்கொண்டிருந்த பகுதிக்கு அடியில் தச்சர் மூன்றாவது கம்பைத் தட்டினார். தளம் ஒரு சத்தம் போட்டது. காய்ந்த விறகை முறித்த மாதிரி. “ஓடுங்கடா!” என்று மற்றவர்களை விரட்டியவர் அவர்தான். நீட்டிய தளம் உடைந்து அவர் மேல் விழுந்து, அவருடைய தொடை எலும்பும் வலது கையும் முறிந்தன. வேறு யாருக்கும் காயமில்லை.

முழுசாக இருபத்தொரு நாள் நின்றிருந்தால் தாங்கியிருக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கிற தளத்துக்கு அதற்கு மேலும் விட வேண்டும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் பெரிய இன்ஜினியர், கலவை சரியில்லை என்று சொன்னார். நான் சும்மா நின்றேன். எண்ணை மாற்றியது என் பென்சில்.

அவருக்கு இந்த ஊரில் ஒருவரும் இல்லை. தினமும் வேலை முடிந்ததும் போய் உட்காருகிறேன். “ஆபீஸ்ல இருந்து நீ ஒருத்தன்தான்ப்பா வர்றே” என்று கையைப் பிடித்துக்கொள்கிறார். அவருக்குத் தெரியாது. மே இருபதுவாக்கில் எழுந்து நிற்கவைப்பார்கள் என்கிறார் டாக்டர். அது நிச்சயமில்லை. அவர் காலூன்றுவதைப் பார்க்காமல் என்னால் ரயிலேற முடியாது.

கையில் கட்டு இருப்பதால் அவர் மனைவிக்கு அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுகிறேன். அந்த அம்மா பயந்துவிடுவாள் என்று, ஜன்னல் சட்டம் தாமதம், அதனால் வரவில்லை என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அதே வரியை உனக்கும் எழுதினேன்.

அப்பாவுக்கு என்ன செய்வது? சொல். நான் கிளம்பி வரட்டுமா?

*

கடவுள் துணை
ஏப்ரல் 30

வாலின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் இருபத்தேழாம் தேதி வந்தது. மாமாவுக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் செருப்பைத் தேடினார். “எங்க மாமா?” என்றேன். “அந்த ஆளு எந்திரிக்கிறதுக்கு அவன் அங்க இருக்கணும். நான் படுக்கிறதுக்கு அவன் எதுக்கு? அவனா கத்தி பிடிக்கப்போறான்? கிளம்பும்மா” என்றார்.

மறுநாளே ஆபரேஷன் முடிந்தது. உறவு என்ற இடத்தில் மருமகள் என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். சுகமாக இருக்கிறார். நர்ஸிடம், “இதுக்கா ரெண்டு மாசம் பயந்தேன்?” என்று கேட்கிறார்.

நீங்கள் வந்தால்தான் ஆபரேஷன் என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அந்த இரண்டு வேலைக்கும் நடுவே, ஒன்று நடந்தால்தான் மற்றது என்று கோடு போட்டது மாமாவின் பிடிவாதமும் நானும். அழித்திருந்தால் அன்றைக்கே அழிந்திருக்கும். ஏப்ரல் பதின்மூன்றுக்காக யாரும் அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. மூன்று முறை படித்தும் இல்லை. வெறுமே காத்திருக்கிற நாள்தானே, பதினாலாக்குங்கள் என்று சொன்னது யார் என்ற வரி. எனக்காகத்தான் விட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதாததை நான் நோட்டில் எழுதிவிட்டேன், மார்ச் ஒன்பது என்று தேதியோடு. உங்களைச் சந்தேகப்பட்டதற்கு ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டேன். மறைத்ததற்கு நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலில் அந்த வரியை முடித்துவிட்டேன்: ‘தச்சர் காலூன்றுவது.’ நாள் என்ற கட்டத்தில் எண் போடவில்லை. தெரியாத இடத்தில் நீங்களும் இனிமேல் போடாதீர்கள்.

இத்துடன் ஒட்டாத உறை ஒன்று வைத்திருக்கிறேன். தச்சர் வீட்டம்மாவுக்கு. முதலில் அதைத் தச்சரிடம் படித்துக் காட்டுங்கள், ஒரு சொல்லும் விடாமல். அவர் கையைப் பிடித்தாலும் சரி, உதறினாலும் சரி. எதை மன்னிக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டும். விசாரிக்க வந்தவர்களிடமும் போய்ச் சொல்லுங்கள். பிறகு அவர் சம்மதத்தோடு ஒட்டிப் போடுங்கள்.

குதிகாலைப் பார்த்தீர்களா?

*

கடவுள் துணை
ஏப்ரல் 30

முகம் தெரியாத அக்காவுக்கு வணக்கம்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். உங்கள் வீட்டுக்காரரின் கடிதங்களை எழுதிக்கொடுப்பவரின் மனைவி நான்.

உங்களுக்கு வந்த கடிதங்களில் ஜன்னல் என்று இருந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் வந்தது. ஜன்னல் இல்லை அக்கா. உங்கள் வீட்டுக்காரர் மார்ச் பதினைந்தாம் தேதி மேல்தளம் உடைந்து விழுந்ததில் தொடையும் வலது கையும் முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. மற்றவர்களை ஓடச் சொல்லிவிட்டுத்தான் அடிபட்டிருக்கிறார். உங்களைப் பயமுறுத்தக் கூடாது என்று மறைத்தார்.

மேல்தளம் இறுக இருபத்தொரு நாள் விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சீக்கிரம் வர வேண்டும் என்று நான் அதைப் பதினாலாகக் குறைக்கச் சொன்னேன். அவர் குறைத்தார். அந்த நாட்களில்தான் தளத்துக்குத் தாங்கும் வலு வருகிறது என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் வரும் தேதியை நான் எழுத மாட்டேன். யாருக்கும் தெரியாது. அவர் எப்படி இருக்கிறார் என்று ஏழு நாளுக்கு ஒருமுறை உள்ளது உள்ளபடி உங்களுக்குக் கடிதம் வரும். எட்டாவது நாளும் வராவிட்டால் எனக்கு எழுதுங்கள். நான் எண்ணிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பதினாலு என்று சொன்னவள்